தபால் விலை ஏறிவிட்டது, தபால்தான் வரமாட்டேன் என்கிறது: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு போஸ்ட் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுத்து முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது, "கவர் இருக்கா அண்ணாச்சி?" கவர் கொடுத்தால் விலாசம் எழுதச் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தால் எவ்வளவு ஆகும், என்றைக்குப் போய்ச் சேரும் என்பார்கள். நான் தபால்துறை ஆள் இல்லை. ஒரே பதிலை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். கட்டணங்கள் எல்லாம் 2025 அக்டோபர் 1-ல் மாறிய பட்டியல்படி.

ரிஜிஸ்டர் தபாலையே எடுத்துவிட்டார்களாமே, நிஜமா?

பாதி நிஜம். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ரிஜிஸ்டர் என்று தனிச் சேவையோ தனிக் கட்டணமோ இப்போது கிடையாது. ஆனால் 'பதிவு' என்ற வசதி இருக்கிறது. ஸ்பீட் போஸ்ட் கட்டணத்துக்கு மேல் 5 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் கட்டினால், கவரில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடமோ, அவர் எழுதிக் கொடுத்து அனுப்பிய ஆளிடமோதான் தபாலைக் கொடுப்பார்கள். வெறும் ஸ்பீட் போஸ்ட் என்றால் அந்த வீட்டில் இருக்கும் யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகலாம்.

இந்த வித்தியாசம் தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். கவுண்டரில் பழக்கதோஷத்தில் "ரிஜிஸ்டர்" என்கிறோம். அவர்கள் ஸ்பீட் போஸ்ட் போட்டு ரசீதை நீட்டுகிறார்கள். நாமும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். "பதிவும் சேர்த்துப் போடுங்க" என்று நாம்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ரசீதில் அது ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு கூடியிருக்கிறது? கணக்காகச் சொல்லுங்கள்.

முன்பு 20 கிராம் கவர் ஒன்றை ரிஜிஸ்டரில் அனுப்ப வரியோடு 25 ரூபாய் 96 காசு. இப்போது வெளியூருக்கு 50 கிராம் வரை ஸ்பீட் போஸ்ட் 47 ரூபாய். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 55 ரூபாய் 46 காசு. பதிவும் வேண்டுமென்றால் 61 ரூபாய் 36 காசு. ஆக, 26 ரூபாயில் முடிந்த காரியத்துக்கு இப்போது 61 ரூபாய்.

ஸ்பீட் போஸ்ட்டாகவே அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அடி கொஞ்சம் குறைவு. பழைய 35 ரூபாய் வரியோடு 41 ரூபாய் 30 காசாக இருந்தது, அது 55 ஆகியிருக்கிறது. 2012 அக்டோபருக்குப் பிறகு இப்போதுதான் ஏற்றினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதின்மூன்று வருடத்தில் டீ என்ன விலையிலிருந்து என்ன விலைக்கு வந்தது என்று பார்த்தால் இந்த ஏற்றத்தைக் கொள்ளை என்று சொல்ல முடியாது. கொள்ளை என்று நான் சொல்வது, மலிவான கதவைச் சாத்திவிட்டு எல்லோரையும் விலை கூடின கதவு வழியாக வரச் சொன்னதை.

50 கிராம் தாண்டினால் தூரத்துக்குத் தகுந்த மாதிரி. 51 முதல் 250 கிராம் வரை, வரி சேர்க்காமல்: 200 கிலோமீட்டருக்குள் 59 ரூபாய், 500 வரை 63, 1,000 வரை 68, 2,000 வரை 72, அதற்கு மேல் 77. இங்கிருந்து மதுரை முதல் வகையில் வரும், கோயம்புத்தூர் இரண்டாவது, சென்னை மூன்றாவது. சென்னைக்கு ஒரு கட்டுப் பேப்பர் அனுப்பினால் வரியோடு 80 ரூபாய் 24 காசு.

கடையில் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிற வேடிக்கை, தகவல் உரிமைச் சட்ட மனு. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். அதை ஆதாரத்தோடு அனுப்பி வைக்க 55 ரூபாய்.

உள்ளூர் ரேட் என்று ஒன்று இருக்கிறதே, அது யாருக்கு?

50 கிராம் வரை 19 ரூபாய், வரியோடு 22.42. பாளையங்கோட்டையில் போட்டு திருநெல்வேலி டவுனுக்குப் போனால் உள்ளூர். ஒரே மாவட்டம்தானே என்று அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு உள்ளூர் ரேட் கேட்டால் கிடைக்காது. இரண்டு பின்கோடையும் கம்ப்யூட்டரில் அடித்ததும் அதுவே சொல்லிவிடும், கவுண்டரில் இருப்பவரிடம் வாதாடிப் பயனில்லை. பாளையங்கோட்டைக்குப் போகிற வேலை ஏதாவது இருந்தால் கவரையும் கையோடு கொண்டுபோய் அங்கே போடுங்கள். 33 ரூபாய் மிச்சம். பஸ் டிக்கெட்டை என் கணக்கில் சேர்க்கவில்லை.

எதற்காக ஏற்றினார்கள்? நஷ்டம் என்கிறார்களே?

நஷ்டம் என்பது பொய் இல்லை. 50 பைசா போஸ்ட் கார்டு ஒன்றைக் கொண்டு சேர்க்கத் துறைக்கு 12 ரூபாய்க்கு மேல் செலவாகிறது என்று அரசின் கணக்கே சில வருடம் முன்பு சொன்னது. பதிவுத் தபால் எண்ணிக்கை 2011-12-ல் 24 கோடியே 44 லட்சம். 2019-20-ல் 18 கோடியே 46 லட்சம். கொரோனாவுக்கு முன்பே நாலில் ஒன்று போய்விட்டது.

போனவை எவை என்று பார்க்க வேண்டும். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கும் கடிதம் போய்விட்டது, அது போனுக்கு மாறியது. பாங்க்குகளும் கம்பெனிகளும் மின்னஞ்சலுக்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும் போய்விட்டன. பாக்கி இருப்பது என் கடையில் கவர் வாங்குகிறவர்கள் அனுப்புவதுதான்: வாரிசுச் சான்று கேட்டு மனு, பட்டா தகராறில் ஆட்சேபணை, நின்றுபோன பென்ஷனைக் கேட்டு ஒரு விண்ணப்பம், வக்கீல் சொல்லி அனுப்புகிற பதில். இவர்களுக்கு ஸ்பீடு தேவையே இல்லை. பத்து நாள் கழித்துப் போனாலும் போகட்டும். தேவைப்படுவது அந்த ரசீது. "நான் அனுப்பினேன், இந்தா பாரு" என்று ஆபீசில் காட்ட ஒரு துண்டுச் சீட்டு. 26 ரூபாய்க்குக் கிடைத்துக்கொண்டிருந்தது அந்தச் சீட்டுதான். அதை வேகத்தோடு சேர்த்துக் கட்டி விற்கிறார்கள். நெல் வாங்கப் போனவனிடம் மூட்டையைச் சுமக்கிற மாட்டையும் சேர்த்து விலை பேசின கதை.

சரி, காசு கூடியும் ஏன் முன்னைவிட லேட்டாக வருகிறது?

ஊருக்கு ஊர் மாறும். நான் இங்கே பார்க்கிறதைச் சொல்கிறேன்.

முதலில் வழி. பக்கத்து ஊருக்குப் போடுகிற தபால் பக்கத்து ஊருக்கு நேராகப் போகாது. கிளை அஞ்சலகத்தில் போட்டால் பையில் கட்டி சப் ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து வரிசைப்படுத்துகிற இடத்துக்குப் போய், பிரிந்து, வேறு பையில் ஏறித் திரும்பி வரும். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வீட்டுக்குப் போகிற கவர் திருநெல்வேலியைப் பார்த்துவிட்டுத்தான் வரும். ஒரு பை ஒரு வண்டியைத் தவறவிட்டால் ஒரு நாள் போயிற்று. அதுவே சனிக்கிழமை சாயங்காலமானால் திங்கள்வரை அப்படியே கிடக்கும்.

அடுத்தது ஆள். நாட்டில் இருக்கும் 1 லட்சத்து 64 ஆயிரம் அஞ்சலகங்களில் பத்தில் ஒன்பது கிராமங்களில்தான் இருக்கின்றன. அதில் பெரும்பாலானவை கிளை அஞ்சலகங்கள். அதை நடத்துகிறவர் கிராமின் டாக் சேவக். நம் ஊரில் இன்னும் பழைய பேரில் 'இ.டி.' என்றுதான் சொல்வார்கள். முழு அரசு ஊழியர் இல்லை, நாளைக்கு நாலு மணி நேரம் அல்லது ஐந்து மணி நேரக் கணக்கு. 2018-ல் திருத்திய பிறகு கிளை போஸ்ட்மாஸ்டருக்குத் தொடக்கம் 12,000 ரூபாய், தபால் கொண்டுபோகிற உதவியாளருக்கு 10,000, அதன்மேல் பஞ்சப்படி. அந்த நாலு மணி நேரத்துக்குள் பை வாங்க வேண்டும், சேமிப்புக் கணக்கு பார்க்க வேண்டும், போஸ்ட் பேமென்ட்ஸ் பாங்க்கில் விரல் வைத்துப் பணம் எடுத்துத் தர வேண்டும், முதியவர்களுக்கு லைஃப் சர்டிபிகேட் போட்டுக் கொடுக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் பிடிக்கச் சொல்லி மேலேயிருந்து வருகிற நெருக்கடிக்குப் பதில் சொல்ல வேண்டும். தபால் கொடுப்பது இதில் கடைசியாகத்தான் வரும். ஒருவர் ஓய்வு பெற்றுப் போனால் புது ஆள் வரும்வரை அந்தத் தெருக்களும் பக்கத்து ஆளின் தலையில். நம்முடைய தபால்காரரைத் திட்டுவதற்கு முன் அவர் எத்தனை ஊருக்குப் போகிறார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

2025 ஆகஸ்டில் பட்ட பாட்டையும் மறக்க முடியாது. நாடு முழுக்கப் புது மென்பொருளுக்கு மாறினார்கள், ஆகஸ்ட் 4-ல் மாறி முடித்தார்கள். அந்த வாரங்களில் கவுண்டரில் நின்றவர்களைக் கேளுங்கள். திரை சுற்றிக்கொண்டே இருக்கும், வரிசை என் கடை வாசல்வரை நீளும். அதன்பிறகு சரியாகிவிட்டது. யூ.பி.ஐ.யில் பணம் கட்ட முடிவது அதனால் கிடைத்த நல்லது. சில்லறைச் சண்டை ஓய்ந்தது.

வீட்டில்தான் இருந்தோம். 'கதவு பூட்டியிருந்தது' என்று காட்டுகிறது. என்ன செய்வது?

இது எனக்கே நடந்தது. ஊர் பேர் வேண்டாம். அக்கரையில் இருக்கும் சித்தப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நிலப் பத்திர நகல் ஒன்றைச் செவ்வாய்க்கிழமை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் போனில் எண்ணைப் போட்டுப் பார்த்தால், கதவு பூட்டியிருந்ததால் கொடுக்கவில்லை என்று வருகிறது. சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அவர் காலையில் ஆறு மணிக்குத் திண்ணைக்கு வந்தால், வெற்றிலைச் செல்லத்தோடு மத்தியானச் சாப்பாடுவரை அங்கேதான். "கதவா? பகல்ல நம்ம வீட்டுக் கதவ என்னிக்குலே சாத்தியிருக்கோம்?" என்று கேட்டார். பிறகு, "ஏலே, நான் செத்துட்டேன்னு போடாம விட்டானே" என்றும் சொன்னார்.

அப்புறம் டீக்கடையில் அந்தத் தபால்காரப் பையனைப் பார்த்தபோது மறைக்காமல் சொன்னான். அன்றைக்கு அவன் அந்தத் தெருவுக்கே போகவில்லை. லீவில் போனவர் தெருக்களும் சேர்ந்து நாலு ஊர், வண்டியும் பஞ்சர். ஆனால் கையில் வாங்கிய தபாலுக்கு அன்றைக்கே ஏதாவது ஒரு காரணத்தை மெஷினில் போட்டாக வேண்டும். 'நேரமில்லை' என்று ஒரு பட்டன் கிடையாது. மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அவன்மேல் கோபம் வரவில்லை. அந்தப் பட்டன் இல்லாததன்மேல்தான் வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: அப்படிக் காட்டினால் அன்றைக்கோ மறுநாளோ பட்டுவாடா செய்கிற போஸ்ட் ஆபீசுக்குப் போன் போடுங்கள், அல்லது ஆதார் அட்டையோடு நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்க முடியாத தபாலைப் பொதுவாக 7 நாள் வைத்திருந்து அனுப்பியவருக்கே திருப்பி விடுவார்கள். கவரில் பெறுகிறவரின் செல்போன் எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும், தபால்காரர் தெருமுனையிலிருந்து கூப்பிடுவார். முக்கியமான தபாலானால் இன்னொரு 5 ரூபாயும் வரியும் கட்டி ஓ.டி.பி. வசதி கேளுங்கள். பெறுகிறவர் போனுக்கு வரும் எண்ணைச் சொன்னால்தான் 'கொடுத்தாயிற்று' என்று பதிவாகும். கொடுக்காமலே கொடுத்ததாகக் காட்டுகிற வேலை அதில் நடக்காது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு மகன் வீட்டுக்கு, மகள் பிரசவத்துக்கு என்று மாதக்கணக்கில் போகிறவர்கள், தபாலை அந்த விலாசத்துக்குத் திருப்பிவிடச் சொல்லி நம் போஸ்ட் ஆபீசில் எழுதிக் கொடுக்கலாம். யாரும் செய்வதில்லை.

ஸ்பீட் போஸ்ட் ரசீது கோர்ட்டில் செல்லுமா? வக்கீல் ரிஜிஸ்டர்தான் வேண்டும் என்கிறார்.

வக்கீல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1897-ஆம் வருடத்து ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் 'பதிவுத் தபால்' என்ற வார்த்தையே இருக்கிறது. சரியான விலாசம் எழுதி, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் போட்டால் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். எதிராளி வாங்க மறுத்தாலும் இதைக் காட்டித்தான் வாதாடுவார்கள். அதனால்தான் அந்த 5 ரூபாய்ப் பதிவைச் சேர்க்கச் சொல்கிறேன்.

மற்றபடி ஸ்பீட் போஸ்ட் ஒன்றும் கோர்ட்டுக்குப் புதிது இல்லை. சம்மன் அனுப்ப ஸ்பீட் போஸ்ட்டும், ஹைகோர்ட் ஒப்புக்கொண்ட கூரியரும் ஆகும் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தில் 2002-லிருந்தே இருக்கிறது. உங்கள் வழக்கில் எது என்பதை வக்கீலிடமே கேட்டுக்கொள்ளுங்கள், ஜெராக்ஸ் கடைக்காரன் சொன்னான் என்று போய் நிற்க வேண்டாம்.

ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. கவுண்டரில் தரும் அந்த வழவழப்பான ரசீது சூட்டில் அச்சாவது. நம் ஊர் வெயிலில் சட்டைப்பையில் ஒரு மாதம் இருந்தால் வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். வழக்கு மூன்று வருடம் கழித்து வரும்போது வெள்ளைத் தாளை நீட்டினால் யார் ஏற்பார்கள்? வாங்கின அன்றே ஒரு நகல் எடுத்து வையுங்கள். என் கடையில்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை. போனில் படம் பிடித்தாலும் போதும்.

கூரியரில் அனுப்பினால் மலிவாயிற்றே?

டவுனுக்கு டவுன் என்றால் கூரியர் பல நேரம் மலிவு, மறுநாளே போய்விடும். சென்னை, மதுரை, கோவை கடைத்தெருவுக்கு அனுப்புகிற வியாபாரிகள் கூரியரை விட்டு வரமாட்டார்கள். நானும் டோனர் வாங்குவது கூரியரில்தான்.

கிராமம் என்றால் கதை வேறு. "உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கு, அம்பாசமுத்திரம் வந்து வாங்கிக்கோங்க" என்று போன் வரும். பஸ் ஏறிப் போக வேண்டும். வயல்காட்டுக்கு நடுவில் பத்து வீடு இருக்கிற இடத்துக்குப் பை தூக்கிக்கொண்டு வருவது இன்றைக்கும் தபால்காரர்தான். கடிதம் கொண்டுபோகும் தனி உரிமை அரசுக்கே என்று 1898-ஆம் வருடத்து அஞ்சல் சட்டத்தில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்து 2024 ஜூன் 18 முதல் நடப்பில் இருக்கும் புதுச் சட்டத்தில் அந்த உரிமையை விட்டுவிட்டார்கள். சட்டத்தில் யாரும் வரலாம் என்று ஆகிவிட்டது. வயல்காட்டுக்கு இன்னும் யாரும் வரவில்லை.

அரசு அலுவலகத்துக்கு மனு அனுப்பக் கூரியர் வேண்டாம். சில இடங்களில் வாங்கிக்கொள்ளவே மாட்டார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போக முடிந்தவர்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்குவது எல்லாவற்றையும்விட மேல்.

கல்யாணப் பத்திரிகை முகூர்த்தம் முடிந்த பிறகு வருகிறதே?

சாதாரணத் தபாலுக்கு எண் கிடையாது. எண் இல்லாததை யாரும் தேட முடியாது, எங்கே நின்றது என்று யாரிடமும் கேட்கவும் முடியாது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கவர் வாயை ஒட்டாமல், புக் போஸ்ட் என்று எழுதி இருநூறு பத்திரிகையைக் கொண்டுபோய்ப் பெட்டியில் திணிக்கிறார்கள். பெட்டி எப்போது திறப்பார்கள் என்று மேலே எழுதியிருப்பதைக்கூடப் பார்ப்பதில்லை. ஐந்து நாள் முன்னால் போட்டுவிட்டு வரவில்லை என்றால் எப்படி? வெளியூருக்கு இருபது நாளாவது முன்னால் போடுங்கள். பெட்டியில் போடாமல் கட்டாகக் கவுண்டரில் கொடுங்கள். போனில் படமும் அனுப்பிவிடுங்கள். தாய்மாமன் வீட்டுக்கு மட்டும் நேரில் போய்த்தான் வைக்க வேண்டும், அதற்கு எந்தத் தபாலும் உதவாது.

கருமாதிக் கார்டு இன்னும் மோசம். பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடித்து, உறவினர் பட்டியல் எடுத்து, விலாசம் எழுதிப் போடுவதற்குள்ளேயே ஏழெட்டு நாள் ஓடிவிடும். இருபதாம் நாள் கார்டு வந்து சேரும். படித்ததும் கிழித்துப் போட வேண்டிய கார்டு என்பதால் லேட்டாக வந்ததற்குச் சாட்சியும் மிஞ்சாது.

புத்தகம் அனுப்ப எது மலிவு?

பதிவு புக் போஸ்ட் என்று ஒன்று இருந்தது. 5 கிலோ புத்தகம் நாட்டின் எந்த மூலைக்கும் 80 ரூபாய்க்குப் போகும். சின்னப் பதிப்பகங்களும் பழைய புத்தகக் கடைகளும் அதை வைத்துத்தான் பிழைத்தார்கள். 2024 டிசம்பர் 18-ல் முன்னறிவிப்பில்லாமல் நிறுத்திவிட்டார்கள். சத்தம் கிளம்பியதும் 2025 மே 1 முதல் 'ஞான போஸ்ட்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகத்தான் போகும், மெதுவாகப் போகும், ஆனால் எண் உண்டு, தேடலாம். புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். மாதாமாதம் வருகிற பத்திரிகை இதில் சேராது. கவுண்டரில் நீங்களாகக் கேட்காவிட்டால் பார்சல் ரேட்டில் போட்டுவிடுவார்கள், அதனால் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

பிரெய்லி புத்தகத்துக்குத் தபால் செலவு உண்டா?

கிடையாது. பார்வையற்றோருக்கான எழுத்துக் கட்டு 7 கிலோ வரை தரைவழியில் இலவசம். பார்வையற்றோர் பள்ளிக்குப் பெயர்போன பாளையங்கோட்டை பக்கத்திலேயே இருந்தும் இது பலருக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர் இப்போது தென்காசி மாவட்டம். விலாசத்தில் எதை எழுத?

2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தது, பின்கோடு பிரியவில்லை. தென்காசி இன்றும் 627811, சங்கரன்கோவில் 627756. முதல் மூன்று எண் 627 என்றால் தபாலுக்கு அது திருநெல்வேலி வட்டாரம். தூத்துக்குடிப் பக்கம் 628. மாவட்டப் பெயரைப் பழையபடி எழுதினாலும் பின்கோடு சரியாக இருந்தால் வந்துவிடும். பின்கோடு தப்பினால் மாவட்டப் பெயர் காப்பாற்றாது. புதூர், புதுக்குடி, சுப்பிரமணியபுரம் என்று ஒரே பேரில் எத்தனை ஊர் இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்ததுதான். 'வழி' என்று போட்டுப் பக்கத்துப் பெரிய ஊரின் பேரையும் எழுதுங்கள். 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்ததே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான்.

அல்வா, அப்பளம், கருப்பட்டி அனுப்பலாமா?

உள்நாட்டுக்குத் தாராளமாக. அல்வாவில் நெய் கசியும் என்பதுதான் சங்கடம். கடையில் தருகிற பொட்டலத்தோடு அனுப்பினால் பக்கத்தில் இருக்கிற இன்னொருவர் மார்க் ஷீட்டும் மணக்கும். மூடி இறுகின பிளாஸ்டிக் டப்பா, அதற்கு மேல் இரண்டு கவர், அதற்கு மேல் அட்டைப்பெட்டி. கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கு நேர் எதிர், கசியாது, நொறுங்கும். மேலும் கீழும் கெட்டி அட்டை வையுங்கள். உடன்குடிக் கருப்பட்டிக்கு எதுவும் வேண்டாம், பெட்டிதான் பாவம்.

அமெரிக்காவுக்கு என்றால் நிதானியுங்கள். அங்கே சுங்க விதி மாறியதால் 2025 ஆகஸ்ட் 25 முதல் பெரும்பாலான தபாலை நிறுத்தி, அக்டோபர் 15-ல் திரும்பத் தொடங்கினார்கள். இப்போது சுங்க வரியை அனுப்புகிறவரே இங்கே முன்கூட்டிக் கட்ட வேண்டியிருக்கிறது. பெட்டியை ஒட்டுவதற்கு முன் கவுண்டரில் மொத்தத் தொகையைக் கேளுங்கள். பேரனுக்கு அனுப்பின அரைக் கிலோ அல்வாவைவிடச் செலவு பல மடங்கு என்று தெரிந்து பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

தொலைந்துவிட்டால் பணம் கிடைக்குமா? எங்கே புகார் செய்ய?

ஸ்பீட் போஸ்ட்டுக்கு ரொம்ப நாளாக இருந்துவரும் விதி: சொன்ன நாளுக்கு மேல் தாமதமானால் கட்டின கட்டணம் திரும்பும். தொலைந்தால் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. அதாவது 55 ரூபாய் கட்டினால் 110. உள்ளே இருந்தது உங்கள் மூலப் பத்திரமானாலும் 110தான். அசல் சான்றிதழ், பத்திரம் எதையும் தபாலில் விடாதீர்கள். விட்டே ஆக வேண்டுமென்றால் இன்ஷூர் செய்யுங்கள்.

புகாருக்கு அந்த 13 இலக்க எண் வேண்டும்: இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் நாட்டுக்குரிய இரண்டு எழுத்து. இலவச அழைப்பு 1800 266 6868. தபால்துறை இணையதளத்திலும் போடலாம். அதில் 'தீர்த்தாயிற்று' என்று ஒரு வரிப் பதிலோடு மூடிவிட்டால், மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் போடுங்கள். அங்கே போட்டால் கோட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து போன் வருவதை நான் பார்த்திருக்கிறேன். அவ்வப்போது டாக் அதாலத் என்று தபால் குறைகேட்புக் கூட்டம் நடத்துவார்கள், அறிவிப்பு போஸ்ட் ஆபீஸ் பலகையில் இருக்கும். மதுரையில் இருக்கும் மண்டல அலுவலகத்துக்கு எழுதுவது கடைசி வழி.

புகாரில் கதை எழுதாதீர்கள். போட்ட தேதி, எண், கடைசியாக எந்த ஆபீஸ் காட்டுகிறது, என்ன வேண்டும். நாலு வரி போதும். டைப் அடித்துத் தர நான் வாங்குவது 20 ரூபாய்.

புதிதாக வந்திருக்கிற தபால்காரருக்கு ஊரே தெரியவில்லை. இதற்கும் புகார் செய்யலாமா?

ஒரு மாதம் பொறுங்கள். பழைய ஆளுக்குக் கதவு எண்ணே தேவைப்படவில்லை, 'மேலத்தெரு வாத்தியார் வீடு' என்று எழுதினால் கொண்டுவந்துவிடுவார். இப்போது கிராமின் டாக் சேவக் வேலை பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து ஆன்லைனில் எடுக்கிறார்கள், எங்கோ இருக்கிற பிள்ளை இங்கே வந்து சேர்கிறது. மொழிப் பிரச்சினையும் புதிது இல்லை. 2019 ஜூலையில் நடந்த தபால்துறைத் தேர்வில் தமிழை விட்டுவிட்டார்கள் என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பி, அந்தத் தேர்வையே ரத்து செய்தார்கள். அதற்கெல்லாம் தெருவில் வெயிலில் நிற்கிற பிள்ளை பொறுப்பில்லை. வாசலில் கதவு எண்ணைத் தெரிகிற மாதிரி எழுதுங்கள். என் தெருவில் இருபத்திரண்டு வீட்டில் எட்டு வீட்டுக்கு எண்ணே இல்லை.

போஸ்ட் கார்டு இன்னும் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. கார்டு 50 பைசா, இன்லேண்ட் இரண்டரை ரூபாய், சாதாரணக் கவர் 20 கிராம் வரை 5 ரூபாய். இந்த மூன்றையும் இந்த ஏற்றத்தில் தொடவில்லை. 50 பைசாவை யாரும் வாங்குவதில்லை என்பதால் ஒற்றைக் கார்டு கேட்டால் கவுண்டரில் சங்கடப்படுவார்கள், பத்தாக வாங்குங்கள்.

என் கடைக்கு ஒரு ஆச்சி வருவார். மாதம் ஒருமுறை ஐந்து ரூபாய் கொடுத்துப் பத்துக் கார்டு வாங்கி, கடையத்தில் இருக்கும் தங்கச்சிக்கு அவரே எழுதுவார். விலாசம் மட்டும் நான் எழுத வேண்டும். போன மாதம் போட்டது ஆறு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்ததாம், தங்கச்சி போனில் சொன்னாராம். இந்த மாதம் கவுண்டரில் கார்டு ஸ்டாக் இல்லை. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.